சிலிக்கோன் ஸ்டென்ட் மூச்சுக்குழாயில் நசுங்காமல் நிற்குமா?

கேள்வி (புதுக்குடியிருப்பு)
என் தம்பி சென்ற ஆண்டு பரந்தன்–முல்லைத்தீவு வீதியில் விபத்துக்குள்ளாகி, மூன்று வாரங்கள் தொண்டைக்குள் குழாய் செலுத்தப்பட்டுச் செயற்கைச் சுவாசத்தில் இருந்தான். வீடு திரும்பிச் சில வாரங்களில், கிணற்றில் நான்கு வாளி தண்ணீர் அள்ளுவதற்குள் மூச்சிரைத்து, உள்ளிழுக்கும்போது கழுத்தில் சீழ்க்கை போன்ற ஒலி கேட்கத் தொடங்கியது. ஆஸ்துமா என்று பல மாதங்கள் மருந்து பாவித்தும் குறையவில்லை. குழாய் இருந்த இடம் தழும்பாகிச் சுருங்கிவிட்டதென்று கண்டறிந்து, இப்போது சிலிக்கோன் ஸ்டென்ட், அதாவது சுருங்கிய வழியைத் திறந்து வைக்கும் சிறு குழாய், வைக்கலாம் என்கிறார்கள். இதயத்துக்கு உலோகம் வைக்கிறார்களே, இதற்கு மட்டும் ஏன் சிலிக்கோன்? இறுகும் தழும்பு அதை நசுக்கிவிடாதா? அவனுக்கு மூத்தவள் என்ற முறையில் சம்மதம் சொல்ல வேண்டியவள் நான்.

பதில் (வவுனியா)
சகோதரி, சத்திரசிகிச்சைக் கூடத்தில் பணிபுரிந்தபோது அதைக் கையில் எடுத்துப் பார்த்திருக்கிறேன். வெளிப்புறத்தில் பலாக்காய்த் தோலைப் போலச் சிறு முளைகள் இருக்கும். அவைதாம் அதை நழுவாமல் பிடிக்கின்றன. இரு விரல்களால் அழுத்தினால் சப்பையாகும், விட்டவுடன் வட்டமாகிவிடும். மார்செய் நகர வைத்தியர் டுமோன் 1990இல் அறிமுகப்படுத்திய அமைப்பு அது. நசுங்காத வலு சுவரின் தடிப்பிலிருந்து வருகிறது. ஆனால் சுவர் தடிக்க உள்வழி ஒடுங்கும், சீராக ஓடும் காற்றுக்கு உள்விட்டம் பாதியானால் தடை 16 மடங்காகும். ஆகவே முழு மயக்கத்தில், வாய்வழியே மூச்சுக்குழாய்க்குள் செலுத்தும் விறைப்பான குழல்காட்டி வழியாகத் தழும்பை வெட்டியோ விரித்தோ அகலமாக்கிய பின்பே ஸ்டென்டைப் பொருத்துவார்கள். உலோக ஸ்டென்டின் வலைக் கண்களுக்குள் தசை வளர்ந்து பற்றிக்கொண்டால் எடுப்பது பெரும்பாடு. புற்றுநோயல்லாத சுருக்கங்களுக்கு அதை வைப்பது குறித்து அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2005இல் எச்சரித்தது. சிலிக்கோனைப் பின்னர் கழற்றலாம்.

தம்பி இளைஞர் என்பதால் ஒன்றை அவசியம் கேளுங்கள்: சுருங்கிய துண்டை நீக்கி இரு முனைகளையும் இணைக்கும் சத்திரசிகிச்சை அவருக்குப் பொருந்துமா? பொருந்துமானால் அதுவே நிலையான வழி.

பதில் (முழங்காவில்)
என் கணவருக்குக் காசநோய்த் தழும்பால் இடது மூச்சுக்கிளை சுருங்கி, இதே ஸ்டென்டை வைத்தார்கள். அது நசுங்கவில்லை, எங்களை அலைக்கழித்தது சளிதான். சிலிக்கோன் மூடிய இடத்தில் சளியை மேலே தள்ளும் நுண்மயிர்கள் பயனற்றுப்போகின்றன, அதனால் சளி உள்ளேயே காய்ந்து கட்டியாகிறது. காலையும் மாலையும் நெபுலைசரில் சேலைன் பிடிப்பதை ஆனி மாதக் காற்றில், கிரவல் புழுதி வீட்டுக்குள் வரும் நாட்களில் இரண்டு நாள் தவறவிட்டோம். மூன்றாம் நாள் இரவு உதடு நீலமாகிவிட்டது. ஸ்டென்டின் வகை, அளவு, வைத்த திகதி எழுதிய அட்டை அவருடைய பணப்பையில் இருந்ததாலேயே, கடமையிலிருந்த வைத்தியர் உள்ளே என்ன இருக்கிறதென்று உடனே விளங்கிக்கொண்டார். அந்த அட்டையைக் கேட்டு வாங்காமல் வீட்டுக்கு வராதீர்கள்.

கேள்வி கேட்டவர்
இருவருக்கும் நன்றி. வெட்டி இணைப்பதைப் பற்றித்தான் வைத்தியரிடம் முதலில் கேட்பேன். அதுவரை கிணற்றடிப் பக்கம் அவனை விடுவதில்லை.