மூன்று பேருக்கு ஒரே ஐந்நூறு: டிப்ஸ் கொடுக்கத்தான் வேண்டுமா?

வைகைக்கரை:
போன வாரம் குடும்பத்தோடு மூணாறு, ஆலப்புழை என்று நான்கு நாள் சுற்றிவிட்டு வந்தோம். ஆலப்புழையில் ஒரு ராத்திரி படகு வீடு. பகல் 12 மணிக்கு ஏறி, மறுநாள் காலை 9 மணிக்கு இறங்கினோம். படகு ஓட்டுபவர், சமையல்காரர், எடுபிடிக்கு ஒரு பையன் என்று மூன்று பேர். கரிமீனை வாழையிலையில் பொதிந்து சுட்டுத் தந்த சமையல்காரர், கண் சரியாகத் தெரியாத என் மாமியாருக்கு முள் கூட எடுத்துக் கொடுத்தார். இறங்கும்போது மூன்று பேரும் பலகையோரம் வரிசையாக நின்றார்கள். என்னிடம் இருந்தது ஒரே ஐந்நூறு ரூபாய் நோட்டு. ஓட்டுபவரிடம் கொடுத்து, "மூன்று பேரும் எடுத்துக்கொள்ளுங்கள்" என்றேன். நோட்டைப் பார்த்தார், ஒன்றும் சொல்லாமல் பையில் வைத்துக்கொண்டார். அதுதான் இன்னும் உறுத்துகிறது. வீட்டுக்காரரோ, "வாடகைதான் கட்டியாயிற்றே, அதுவே தண்டம்" என்கிறார். யார் சொல்வது சரி?

கணக்குப்பிள்ளை:
உங்கள் வீட்டுக்காரர் கட்சிதான் நான். நீங்கள் கட்டிய வாடகையில் அந்த மூன்று பேர் சம்பளமும் அடக்கம். முதலாளி குறைத்துக் கொடுத்துவிட்டு மீதியை நம் தலையில் கட்டினால் அதற்குப் பெயர் டிப்ஸ் இல்லை. ஓட்டல்காரர்களும் இதைத்தான் செய்தார்கள். பில்லில் சர்வீஸ் சார்ஜைத் தானாகச் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் சொன்னது. ஓட்டல் சங்கங்கள் வழக்குப் போட்டன. 2025 மார்ச்சில் டெல்லி உயர் நீதிமன்றம் ஆணையத்தின் பக்கமே தீர்ப்பளித்தது. விரும்பினால் கொடுக்கலாம், அவ்வளவுதான். வழியை அடைத்து வரிசையாக நின்றால் அது என்ன விருப்பம்?

டாப்கியர்:
அக்கா, நான் 14 வருடமாக தேனிப் பக்கம் டெம்போ டிராவலர் ஓட்டுகிறேன். முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: பேட்டா வேறு, டிப்ஸ் வேறு. "பேட்டாதான் கொடுக்கிறோமே" என்று பலர் சொல்வார்கள். அது என் சாப்பாட்டுக்கும் ராத்தங்கலுக்கும். சில ஓட்டலில் டிரைவர்களுக்கென்று ஹால் இருக்கும், பல இடத்தில் இருக்காது. டிசம்பரில் மூணாறில் வண்டிக்குள் படுத்துப் பாருங்கள், இரண்டு போர்வை போதாது. அப்புறம் அந்தப் படகுப் பையன். சாயங்காலம் ஐந்தரைக்கெல்லாம் மீன்வலை போடும் நேரமென்று படகைக் கரையோரம் கட்டிவிடுவார்கள். அதற்கப்புறம் அவன் எங்கே படுத்தான், பார்த்தீர்களா?

கணக்குப்பிள்ளை:
டிரைவர் அண்ணே, கோபப்படாமல் பதில் சொல்லுங்கள். போகிற வழியில் ஏலக்காய்க் கடையில் வண்டியை ஓரங்கட்டுவது எதற்கு? கமிஷன் வாங்குவீர்களா, மாட்டீர்களா?

டாப்கியர்:
வாங்குவேன். மறைக்க என்ன இருக்கிறது? நீங்கள் ஒன்றும் வாங்காமல் வெளியே வந்தால் எனக்கு ஒரு டீயோடு சரி. ஒழுங்காக டிப்ஸ் கொடுப்பார்கள் என்று தெரிந்த பார்ட்டியை நான் கடைப்பக்கமே கூட்டிப்போவதில்லை.

கணக்குப்பிள்ளை:
அதாவது, டிப்ஸ் கொடுக்காதவனுக்கு ஏலக்காய் தண்டனை! நான் சொன்னதையே நீங்களும் சொல்லிவிட்டீர்கள்.

சிங்கைவாசி:
சிங்கப்பூரில் இந்தத் தலைவலியே இல்லை. உணவகங்களில் விலைக்குப் பக்கத்தில் இரண்டு கூட்டல் குறி போட்டிருப்பார்கள்: பத்து சதவீதம் சேவைக் கட்டணம், அப்புறம் ஜிஎஸ்டி. கட்டிவிட்டு எழுந்து வரலாம். அதே பழக்கத்தில் டெக்சாஸில் தம்பியோடு சாப்பிடப் போனபோது பத்து சதவீதம் வைத்தேன். பரிமாறிய பெண் வாசல் வரை வந்து, "சாப்பாட்டில் ஏதாவது குறையா?" என்று கேட்டார். தம்பிக்கு முகம் செத்துவிட்டது. அங்கே டிப்ஸ் வாங்கும் ஊழியருக்கு முதலாளி மணிக்கு 2.13 டாலர் கொடுத்தால் போதும். 1991-லிருந்து அந்தத் தொகை மாறவே இல்லை. கணக்குப்பிள்ளை சாரின் நியாயத்தை அந்தப் பெண்ணின் கூலியில் போய் நிலைநாட்ட முடியுமா?

கணக்குப்பிள்ளை:
பாதிதான் சொல்கிறீர்கள். டிப்ஸையும் சேர்த்து மணிக்கு 7.25 டாலர் வராவிட்டால் மீதியை முதலாளி போட வேண்டும் என்பதும் அதே சட்டம்தான். கலிஃபோர்னியாவில் அந்தச் சலுகைகூட முதலாளிக்குக் கிடையாது, குறைந்தபட்சக் கூலியை முழுதாகக் கொடுக்க வேண்டும். அங்கே மட்டும் டிப்ஸ் கேட்காமல் விடுகிறார்களா? பழக்கிவிட்டால் அவ்வளவுதான்.

அடுப்படி:
யாருக்குக் கொடுப்பது என்று ஒருவரும் பேசவில்லையே. கொடைக்கானலில் ஒரு விடுதியில் இரண்டு சீசன் ரூம் சுத்தம் செய்திருக்கிறேன். பெட்டி தூக்கி வருகிற பையனுக்குக் காசு கிடைக்கும். குளியலறையில் குழந்தை வாந்தி எடுத்ததைக் கழுவியவள் யாரென்று உங்களுக்குத் தெரியாது. சிலர் மேஜைமேல் நூறு ரூபாய் வைத்துவிட்டுப் போவார்கள். அதை நாங்கள் தொட முடியாது, மறந்து வைத்த காசென்று ரிசப்ஷனில் ஒப்படைக்க வேண்டும். 'ரூம் சுத்தம் செய்தவருக்கு' என்று ஒரு துண்டுச் சீட்டு எழுதி வைத்தால்தான் எங்களுக்கு வரும். இரண்டு சீசனில் அப்படி எழுதி வைத்தவர் ஒரே ஒருவர். படகிலும் ஓட்டுபவர் கையில் கொடுத்தீர்கள். பையனுக்கு என்ன போயிருக்கும் என்று நினைக்கிறீர்கள்?

வைகைக்கரை:
டாப்கியர் தம்பி, உங்கள் கேள்விக்கு இப்போதுதான் மாமியாரிடம் விசாரித்தேன். ராத்திரி தண்ணீர் குடிக்க எழுந்தபோது அந்தப் பையன் சமையலறை வாசலில் பாய் விரித்துப் படுத்திருந்தானாம். கணக்குப்பிள்ளை சார், நீங்கள் எழுதியதை வீட்டுக்காரருக்குப் படித்துக் காட்டினேன், அவருக்கு ஏகப்பட்ட சந்தோஷம். ஆனால் அடுத்த மாதம் ஊட்டிக்கு ரூம் போட அவரேதான் போன் செய்தார். டிரைவர் படுக்க இடம் இருக்கிறதா என்று கேட்டார். இல்லை என்றார்கள். இப்போது வேறு ஓட்டல் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.