பழைய பெயரை மாற்ற மறுக்கும் கம்பெனி: மனு எங்கே கொடுப்பது?

இடம் ஒரகடம், உதிரிபாகத் தொழிற்சாலை, சுமார் 300 பேர். உடன் வேலை செய்யும் திருநங்கைக்காக, அவர் சம்மதத்தோடு கேட்கிறேன்.

2024 மார்ச்சில் கலெக்டர் வழங்கும் திருநர் அடையாளச் சான்றிதழ் வந்தது. அதை வைத்து முதலில் ஆதார், பிறகு பான், வங்கிக் கணக்கு எல்லாம் மாற்றியாயிற்று. கம்பெனிப் பதிவேட்டில் மட்டும் பழைய பெயர். கேட்டில் விரல் வைத்தால் திரையில் அதுதான் வருகிறது, வரிசையில் நிற்கிற அத்தனை பேர் முன்னாலும். ஷிப்ட் பட்டியல், பஸ் பட்டியல், சம்பளச் சீட்டு எதுவும் மாறவில்லை. கம்பெனி ஒப்புதல் தராததால் பி.எஃப். பெயர்த் திருத்தமும் நிற்கிறது.

ஹெச்.ஆர். கேட்பது அறுவைச் சிகிச்சைச் சான்று. 2019 திருநர் (உரிமைகள் பாதுகாப்பு) சட்டத்தின் 6-ஆம் பிரிவில் இவர் வாங்கிய சான்றிதழுக்கு 2024-இல் அது தேவைப்படவே இல்லை. அது 7-ஆம் பிரிவு விஷயம், அதாவது அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு வாங்கும் திருத்திய சான்றிதழ். இரண்டையும் குழப்பிக்கொள்கிறார்கள், அல்லது குழம்பியதாகக் காட்டுகிறார்கள்.

சட்ட நகலோடு ஏப்ரலிலும் ஜூனிலும் மின்னஞ்சல், பிறகு பதிவுத் தபால். பதில் இல்லை. 11-ஆம் பிரிவுப்படி புகார் அலுவலர் யார் என்று கேட்டால், அப்படி யாரையும் நியமிக்கவில்லையாம். 2020 விதிகள்படி அவர் 15 நாளில் விசாரிக்க வேண்டும், ஆள் இருந்தால்தானே!

புகார் அலுவலரே இல்லாத தனியார் நிறுவனத்தின் மீது முதல் மனுவை எங்கே கொடுத்தால் வேலை நடக்கும்: மாவட்ட சமூக நல அலுவலகத்திலா, தொழிலாளர் துறையிலா?