குறுகிய சாலையில் முன்னால் குதிரை, பின்னால் ஹாரன்: இங்கிலாந்துக் கிராமங்களில் உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்கள்

போன வாரம் பார்த்த ஒன்று இன்னும் கண்ணைவிட்டுப் போகவில்லை. அதைச் சொல்லிவிட்டு உங்களுக்கு நடந்ததையும் கேட்கலாம் என்று எழுதுகிறேன்.

டெவனில் 7 வருடமாக, வயதானவர்களை வீட்டுக்கே போய்ப் பார்த்துக்கொள்ளும் வேலை செய்கிறேன். காலையில் நாலு வீடு, சாயங்காலம் மூன்று வீடு. எல்லாம் ஒதுக்குப்புறப் பண்ணை வீடுகள். போகிற வழி முழுக்க ஒரு கார் மட்டும் போகக்கூடிய சாலை. டெவனைப் பார்க்காதவர்களுக்குச் சொல்கிறேன்: இரண்டு பக்கமும் ஆளுயர மண்கரை, அதன் மேல் புதர்வேலி. வளைவுக்கு அந்தப் பக்கம் என்ன வருகிறது என்று தெரியவே தெரியாது. சாலை நடுவில் புல் முளைத்திருக்கும். இப்படிப்பட்ட சாலைக்கும், வேறு பலகை வைக்கவில்லை என்றால், சட்டப்படி வேக வரம்பு மணிக்கு 60 மைல்தான். அதைப் போகச் சொல்லி இட்ட உத்தரவு மாதிரி எடுத்துக்கொள்கிறவர்கள் நிறையப் பேர்.

அன்றைக்கு எனக்கு முன்னால் இரண்டு குதிரைகள். ஓரமாக ஒரு வெள்ளை மட்டக்குதிரை, அதன் மேல் பத்து வயது இருக்கும் ஒரு சிறுமி. அவளை ஒட்டி வெளிப்பக்கமாகப் பெரிய பழுப்புக் குதிரையில் அம்மா. நான் நாலைந்து கார் நீளம் விட்டு, நடக்கிற வேகத்தில் பின்னாலேயே போனேன். கொஞ்ச தூரத்தில் ஒரு வயல் கேட் இருப்பது எனக்குத் தெரியும். அங்கே அவர்களே ஒதுங்குவார்கள்.

பின்னால் ஒரு பிக்கப் வந்து ஒட்டிக்கொண்டது. ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது. ஹாரனை அழுத்தினார், கையை எடுக்கவே இல்லை.

மட்டக்குதிரையின் காது இரண்டும் பின்னால் திரும்பியதைப் பார்த்தேன். அடுத்த நொடி அது குறுக்கே பாய்ந்துவிட்டது. லாடம் தாரில் சறுக்குகிற சத்தம், தகரத்தைக் கல்லில் இழுப்பது போல. பின்னங்கால் ஒன்று ஓரத்துச் சேற்றில் இறங்கியது. அந்தச் சிறுமி சேணத்திலிருந்து நழுவி, பிடரி மயிரை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டு கழுத்தோடு தொங்கினாள். ஒரு சத்தம் போடவில்லை. அம்மா எட்டிக் கடிவாள வாரைப் பிடித்து நிறுத்தினார். அவர் வெளிப்பக்கம் வந்துகொண்டிருந்ததால்தான் கை எட்டியது.

கேட் வாசலில் அவர்கள் ஒதுங்கினார்கள். நான் மெதுவாகக் கடந்து, தள்ளியிருந்த ஒதுங்குமிடத்தில் காரை நிறுத்தினேன். பிக்கப் என்னைத் தாண்டிப் பறந்தது. ஓட்டியவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இறங்கித் திரும்பி நடந்து போய்க் கேட்டேன். சிறுமிக்கு அடி இல்லை, ஆனால் கை நடுங்கிக்கொண்டிருந்தது. ரோட்டுக்கு வருவது இது மூன்றாவது தடவைதானாம். ஏன் ரோட்டில் வர வேண்டும் என்று கேட்பவர்களுக்கு அந்த அம்மா சொன்ன பதில்: குதிரைப்பாதை ஓரிடத்தில் முடிந்துவிடுகிறது, அடுத்தது அரை மைல் தள்ளித் தொடங்குகிறது, நடுவில் இந்த ரோடுதான் வழி.

முதல் வருடம் நானும் ஒரு குதிரையை 30 மைல் வேகத்தில் தாண்டியிருக்கிறேன். இடம் விட்டுத்தானே போனோம் என்று நினைத்தேன். சவாரி செய்தவர் கத்தியதற்குக் கோபம்கூடப் பட்டேன். இன்றைக்கு நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள். ஓட்டுபவர் பக்கமானாலும் சரி, சவாரி செய்பவர் பக்கமானாலும் சரி.

கென்ட்டிலிருந்து

அக்கா, நான் யாழ்ப்பாணத்துக்காரன், இங்கே பார்சல் வான் ஓட்டுகிறேன். இந்த ரோடுகளை நான் ஒழுங்கை என்றுதான் சொல்லுவேன். இரண்டு பக்கமும் வேலி, வளைஞ்சு வளைஞ்சு போகும், எங்களுடைய ஊர் ஒழுங்கை மாதிரியே.

நேரத்துக்குள் பார்சல் எல்லாம் கொடுத்து முடிக்க வேணும் என்ற அவதி எனக்கும் தெரியும். ஆனால் குதிரைக்குப் பின்னால் நிற்கிற நேரம் ஒரு நாளைக்குக் கூட்டிப் பார்த்தாலும் சில நிமிஷம்தான். வீட்டு நம்பர் தேடுகிறதில் அதைவிடக் கனக்க நேரம் போகுது.

என்னுடைய பிரச்சினை வேறு. வான் மின்சாரத்துக்கு மாறின பிறகு சத்தமே இல்லை. ஒருநாள் பின்னால் போய் நிற்கும்வரை குதிரைக்கும் தெரியாது, மேலே இருந்தவருக்கும் தெரியாது. திடீரென்று கண்டதும் குதிரை ஒரு துள்ளுத் துள்ளியது. இப்ப தூரத்திலேயே நிறுத்தி, கண்ணாடியை இறக்கி, "ஹலோ" என்று சாதாரணக் குரலில் சொல்லுவேன். மனிதக் குரல் என்றால் குதிரை அவ்வளவு பயப்படுவதில்லை. அவர் கை காட்டினால் மட்டும் நகருவேன்.

சஸெக்ஸிலிருந்து

மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும். நவம்பர், மாலை நாலரை மணி, இருட்டிவிட்டது. வளைவில் திரும்பினால் கரும்பழுப்புக் குதிரை, மேலே கறுப்புக் கோட்டு. ஒளிரும் பட்டை ஒன்றுகூடக் கிடையாது. 20 மைலில் வந்ததால் நிறுத்த முடிந்தது. அவர் என்னைத் திட்டினார். இரவில் போனால் சவாரி செய்பவரும் குதிரையின் கால்களும் ஒளிரும் பட்டை அணிய வேண்டும், விளக்கும் இருக்க வேண்டும் என்று நெடுஞ்சாலை விதி நூலே சொல்கிறது. அதை யாராவது அவரிடம் சொல்லியிருக்கிறார்களா தெரியவில்லை.

இன்னொன்று, மூன்று பேர் குதிரைகளில் அருகருகே பேசிக்கொண்டே போவது. வழியில் கேட் இரண்டு தாண்டியாகிவிட்டது, ஒதுங்கவில்லை. பொறுமையாகக் காத்திருந்து தாண்டினால் ஒரு தலையசைப்பு கிடையாது. அடுத்த தடவை பொறுமையாக இருக்க மனசு வர வேண்டாமா?

ஹாம்ப்ஷயரிலிருந்து

சஸெக்ஸ் அண்ணா சொன்னதில் எனக்கு மறுப்பு இல்லை. 6 வருடமாகச் சவாரி செய்கிறேன். வெளிச்சப் பட்டை இல்லாமல் ரோட்டுக்கு வருகிறவர்களால் எங்கள் எல்லோருக்கும் கெட்ட பெயர். மூன்று பேர் அருகருகே போவதும் தப்புத்தான். இரண்டுக்கு மேல் கூடாது, குறுகிய இடத்திலும் வளைவிலும் ஒருவர் பின் ஒருவர். ஆனால் புதிதாகப் பழகும் பிள்ளையையோ இளம் குதிரையையோ கூட்டிப் போகும்போது இருவர் சேர்ந்து போகலாம் என்று அதே நூலில் இருக்கிறது. டெவன் அக்கா பார்த்தது அதுதான்.

தலையசைப்பு பற்றி ஒன்று சொல்கிறேன். குதிரை பதற்றமாக இருந்தால் வாரிலிருந்து ஒரு கையைக்கூட எடுக்க முடியாது. சில சமயம் தலை மட்டும் லேசாகச் சாயும். கண்ணாடியில் பார்த்தால் தெரியாது. நன்றி இல்லாமல் இல்லை.

2022 ஜனவரியில் விதி நூலைத் திருத்தினார்கள் இல்லையா, அதில் எண்ணே போட்டிருக்கிறார்கள்: குதிரையைக் கண்டால் வேகம் 10 மைலுக்கு மேல் போகக் கூடாது, தாண்டும்போது குறைந்தது 2 மீட்டர் இடைவெளி. டெவன் சாலையின் மொத்த அகலமே மூன்று மீட்டர் இருந்தால் 2 மீட்டருக்கு எங்கே போவது? அங்கே தாண்டவே கூடாது, கேட் வரும்வரை பின்னால்தான் வர வேண்டும்.

குதிரைக்குக் கண் பக்கவாட்டில் இருக்கிறது. கிட்டத்தட்ட சுற்றிலும் தெரியும். ஆனால் நேர் பின்னால் தெரியாது. அங்கிருந்து சத்தம் வந்தால் அதற்குப் புலி வந்த மாதிரிதான். அரை டன் எடையுள்ள உடம்பு, ஓடித்தான் தப்பிக்கத் தெரியும். தாண்டி முடித்தவுடன் ஆக்ஸிலேட்டரை அழுத்துவதையும் தயவுசெய்து செய்யாதீர்கள். அப்போதும் மிரளும்.

நியூமார்க்கெட்டிலிருந்து

இங்கே பந்தயக் குதிரைகள் காலையில் வரிசையாக ரோட்டைக் கடக்கும். ஊரே நின்று வழிவிடும், யாரும் ஹாரன் அடிப்பதில்லை. குதிரைகள் கடக்கும் சில சிக்னல்களில் பொத்தான் உயரத்தில் இருக்கும், சேணத்தில் உட்கார்ந்தபடியே அழுத்தலாம். பழகினால் எல்லாம் சரியாக வரும்.

மறுபடியும் டெவனிலிருந்து

எல்லோருக்கும் நன்றி. என் கார் கேமராவில் பிக்கப்பின் எண் விழுந்திருந்தது. பொதுமக்கள் அனுப்பும் வீடியோவை வாங்கிக்கொள்ள இங்கே போலீஸ் 'ஆபரேஷன் ஸ்னாப்' என்று வைத்திருக்கிறார்கள், அதில் அனுப்பினேன். பதில் இன்னும் வரவில்லை. அந்த அம்மா பிரிட்டிஷ் குதிரைச் சங்கத்தின் 'ஹார்ஸ் ஐ' செயலியில் பதிந்ததாகச் சொன்னார். அடிபடவில்லை என்றாலும் பதியலாமாம். உங்களுக்கு நடந்தால் நீங்களும் பதியுங்கள்.

நேற்று அதே வளைவில் இருவரும் எதிரே வந்தார்கள். இந்தத் தடவை சிறுமி மேல் பளிச்சென்ற மஞ்சள் சட்டை. பின்னால் ரிவர்ஸ் எடுத்து ஒதுங்குமிடத்தில் நின்று எஞ்சினை அணைத்தேன். மட்டக்குதிரை என் பம்பர் பக்கம் மூக்கை நீட்டி முகர்ந்துவிட்டுக் கடந்தது. அவள் இரண்டு கையையும் வாரிலிருந்து எடுக்கவில்லை. ஹாம்ப்ஷயர் தங்கை சொன்னதால் கவனித்துப் பார்த்தேன். ஹெல்மெட் லேசாகச் சாய்ந்தது.