கலைச்சொல் தேவை: செத்த பிறகும் நடமாடுகிறவர்

நாகர்கோவில், மொழிபெயர்ப்பாளர்:
குழுவினருக்கு வணக்கம். ஒரு ஆங்கில நாவல் கையில் இருக்கிறது. வைரஸ் பரவி, செத்தவர்கள் எழுந்து கடிக்கிறார்கள்; பத்திரிகையாளர்கள் கேமராவோடு பின்னாலேயே போய்ச் செய்தி அனுப்புகிறார்கள். பதிப்பகம் வெள்ளிக்கிழமை கேட்கிறது. தீநுண்மி, பெருந்தொற்று இரண்டும் 2020க்குப் பிறகு பழகிவிட்டன. ஜாம்பிக்கு என்ன போடலாம்? 'நடைப்பிணம்' என்றால் காதலில் தோற்றவன் என்றுதான் வாசகர் நினைப்பார்.

தக்கலை, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:
தம்பி, பரணி இலக்கியத்தின் போர்க்களத்தில் கூழ் அடுகிற பேய்க்கூட்டம் நம்மிடம் இல்லையா? 'கூளி' என்று போடுங்கள். பேய் என்ற பொருளில் 'அலகை' வேண்டுமானால் குறள் 850 இருக்கிறது. 'கவந்தம்' இன்னும் பொருத்தம்: தலை போன பிறகும் ஆடும் உடல்.

குலசேகரம்:
சார், ஜாம்பிக்குத் தலைதான் எல்லாம். தலையில் சுட்டால்தான் விழும். கவந்தம் எதை வைத்துக் கடிக்கும்?

மார்த்தாண்டம்:
'மிருதன்' என்று 2016இலேயே படம் வந்தாச்சு. மிருகமும் மனிதனும் சேர்ந்த சொல். வடமொழியில் செத்தவன் என்றும் ஆகும். அது போதாதா? இல்லையென்றால் 'சவம்'. நம்ம ஊரில் பிள்ளைகளைத் திட்டவே அதுதானே.

தக்கலை:
வடசொல் இரண்டும் வேண்டாம். ஜாம்பியின் வேரையே பாருங்கள். ஹைத்திக்கு அடிமைகளாகப் போன ஆப்பிரிக்கர்களோடு போன சொல் அது. காங்கோ மொழியில் 'ந்ஸாம்பி' என்றால் கடவுள். அதோடு சேர்த்துச் சொல்பவர்கள் உண்டு. கடவுளும் பிணமும் ஒட்டி நிற்பது நமக்கு மட்டும் புதுசா? சுடலைமாடன் பிணம் தின்ற கதையை வில்லுப்பாட்டில் கேட்காதவர் யார்? 'மாடன்' என்றே...

குளச்சல்:
அண்ணாச்சி, மாடன் எங்க குலதெய்வம். அதைத் தலையில் சுடுகிற மாதிரி எழுதிவிட்டு, கோயில் கொடைவிழாவுக்கு நான் எந்த முகத்தோடு போவேன்?

நாகர்கோவில்:
பெயர்ச்சொல் கிடக்கட்டும், வினைமுற்றுதான் என்னைக் கொல்கிறது. ஒரு நிருபர் கடிபடுகிறார். கூட்டாளி நேரலையை நிறுத்தவில்லை. 'அவர் மைக்கைக் கீழே வைத்தார். திரும்பினார். என்னைப் பார்த்தது.' எந்த இடத்தில் 'ஆர்' போய் 'அது' வருவது? ஆங்கிலத்தில் பிரதிப்பெயரை மாற்றினால் தீர்ந்தது. நமக்கு ஒவ்வொரு வினையும் திணையைச் சொல்லிவிடுகிறது. முப்பது பேர் கூடி வந்தால் 'வந்தார்களா', 'வந்தனவா'?

குலசேகரம்:
பிணம் அஃறிணை. வந்தன. முடிந்தது.

தக்கலை:
முடியவில்லை. நன்னூலில் மக்கள், தேவரோடு நரகரும் உயர்திணைதான். தொல்காப்பியர் 'உயர்திணை என்மனார் மக்கட் சுட்டே' என்கிறார். சுட்டு என்பதைப் பிடியுங்கள் தம்பி. மனிதர் என்று சொல்பவன் சுட்டுகிறவரை உயர்திணை. கூட்டாளிக்கு அவர் 'பார்த்தார்'. துப்பாக்கியோடு நிற்கிற காவலருக்கு 'பார்த்தது'. அந்தப் பக்கம் முழுக்க இரண்டு முடிவும் மாறி மாறி வரட்டும்.

நாகர்கோவில்:
சார், இது கொள்ளாம். அப்படியே எடுத்துக்கொள்கிறேன். பெயருக்கு ஜாம்பி என்றே வைக்கிறேன். அதைத்தான் பலரும் தனிமடலில் சொன்னார்கள். கூட்டத்தைக் குறிக்கும் இடங்களில் மட்டும் நடைபிணங்கள், ஒற்று இல்லாமல்.

குலசேகரம்:
'ப்' போனால் அது வினைத்தொகை, நடக்காது. பிணத்தை 'நடக்கிற' என்பதற்கு நடைபிணம் எப்படி வரும்? 'நடை' பெயர். ஒற்று மிகும்.

தக்கலை:
அதற்குத் தனி இழை தொடங்குங்கள். ஜாம்பி என்று அச்சானால் எனக்கு இலவசப் பிரதி வேண்டாம். காசு கொடுத்தே வாங்கி, ஓரத்தில் 'கூளி' என்று திருத்தி வாசிப்பேன்.