குமுளிக்கு இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா? தொலைநிலைப் பட்டம் படிப்போருக்கான அனுபவப் பகிர்வு

கம்பம் நெட் சென்டர்:

தொலைநிலைப் பட்டம் பற்றிக் கேட்டு வருகிறவர்கள் "எந்த யூனிவர்சிட்டி நல்லது?" என்றுதான் ஆரம்பிக்கிறார்கள். தமிழ்நாடு-கேரள எல்லையில் இருக்கும் நம்ம பக்கத்தில் அதற்கு முன்னால் இன்னொன்றைத் தீர்மானிக்க வேண்டும். வாங்கிய பட்டத்தை எந்த மாநிலத்தில் காட்டப் போகிறீர்கள்? வேலை தேனியிலா, கட்டப்பனையிலா? மேற்படிப்பு மதுரையிலா, கோட்டயத்திலா? மற்றதெல்லாம் இதை ஒட்டித்தான்.

மாநிலப் பல்கலைக்கழகங்கள் தொலைநிலை முறையில் தங்கள் எல்லைக்குள்தான் கற்றல் மையம் நடத்தலாம். தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம் குமுளி டவுனில் மையம் வைக்க முடியாது. கொல்லத்தில் இருக்கும் ஸ்ரீ நாராயண குரு திறந்தநிலைப் பல்கலைக்கழகம் கம்பத்துக்கு இறங்கி வர முடியாது. இக்னோ (இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம்) மத்தியப் பல்கலைக்கழகம், அதனால் மதுரையிலும் கொச்சியிலும் மண்டல மையம் உண்டு. 'ஆன்லைன்' என்று தனியாக அனுமதி வாங்கிய படிப்புக்கு மாநில எல்லை கிடையாது. தொலைநிலை வேறு, ஆன்லைன் வேறு. இரண்டுக்கும் தனித்தனி அனுமதி. இந்த வித்தியாசத்தை மறைத்துத்தான் ஏஜென்டுகள் பணம் பார்க்கிறார்கள். கற்றல் மையத்தை ஃபிரான்சைஸாகக் கொடுக்க பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசியின் 2020 விதிமுறையில் இடமே இல்லை. ஆகவே மாடியில் ஒற்றை அறை, வாசலில் வெளிமாநிலப் பல்கலைக்கழகத்தின் பெயர்ப்பலகை, "பரீட்சையையும் நாங்களே பார்த்துக்கொள்கிறோம்" என்ற பேச்சு, இந்த மூன்றும் சேர்ந்து வந்தால் ரூபாயை எடுக்காமல் எழுந்து வந்துவிடுங்கள்.

யுஜிசியின் தொலைநிலைக் கல்விப் பிரிவான டிஇபி-யின் தளத்தில் பல்கலைக்கழகத்தின் பெயர் இருக்கிறதா என்று மட்டும் பார்ப்பது போதாது. அனுமதி படிப்பு வாரியாக, பருவம் வாரியாகத் தரப்படுகிறது. பி.காம்.-க்கு இருக்கும், எம்.ஏ. வரலாறுக்கு இருக்காது. நீங்கள் சேரும் வருடம், சேரும் பருவம், சேரும் படிப்பு மூன்றும் ஒரே வரியில் இருக்க வேண்டும். அந்தப் பக்கத்தை பிடிஎஃப்-ஆக எடுத்து வையுங்கள். நாலு வருடம் கழித்து சான்றிதழ் சரிபார்ப்பில் கேட்பார்கள்.

2024-இலிருந்து டிஇபி ஐடி கட்டாயம். முதலில் டிஜிலாக்கரில் ஆதார் கொடுத்து ஏபிசி ஐடி (மாணவரின் கிரெடிட் கணக்கு எண்) எடுக்க வேண்டும். அதைக் கொண்டு டிஇபி தளத்தில் பதிய வேண்டும். அந்த எண் கையில் வந்த பிறகுதான் பல்கலைக்கழக விண்ணப்பம். மாட்டிக்கொள்ளும் இடம் எப்போதும் பெயர்தான். தமிழ்நாட்டில் இனிஷியல் முன்னால், கேரள எஸ்எஸ்எல்சி புத்தகத்தில் பின்னால், ஆதாரில் அப்பா பெயர் முழுசாக நீண்டு நிற்கும். வண்டிப்பெரியாற்றுப் பிள்ளைகளுக்கு இதோடு ஸ்பெல்லிங்கும் மாறும்: ஒன்றில் ஈஸ்வரி, இன்னொன்றில் ஈஸ்வரிக்கு நடுவில் ஓர் எழுத்து கூடுதல். விண்ணப்பம் திறப்பதற்கு முன்பே ஆதாரை எஸ்எஸ்எல்சிப்படி திருத்தி வாங்குங்கள். கடைசி வாரத்தில் திருத்தக் கொடுத்தால் அந்தப் பருவம் போய்விடும்.

உத்தமபாளையம் டீச்சர்:

அண்ணன் சேர்க்கையைச் சொல்லிவிட்டார். சேர்ந்த பிறகு நடப்பதை நான் சொல்கிறேன்.

தொலைநிலையில் ஒரு கிரெடிட் என்றால் முப்பது மணி நேர உழைப்பு என்று கணக்கு. நாலு கிரெடிட் தாள் 120 மணி, ஆறு கிரெடிட் தாள் 180 மணி. 120 கிரெடிட் பி.ஏ.-வை மூன்று வருடத்தில் முடிக்க நினைத்தால் 3600 மணி நேரம், அதாவது ஞாயிறு உட்பட தினமும் மூன்று மணி நேரத்துக்கு மேல். ஏலக்காய் எஸ்டேட்டில் பகல் முழுக்க நின்றுவிட்டு வரும் பெண்ணிடம் "வீட்டிலிருந்தே சுலபமாகப் படிக்கலாம்" என்று சொல்வது அநியாயம். இக்னோ பி.ஏ.-வுக்கு ஆறு வருடம் வரை அவகாசம் இருக்கிறது என்பதைத்தான் அவளிடம் முதலில் சொல்ல வேண்டும். கல்லூரியில் இல்லாத பெரிய வசதி அதுதான். பிரசவம், அறுவடை, வேலை மாற்றம் எதுவும் படிப்பை முறிக்காது, தள்ளிப்போடும், அவ்வளவுதான்.

இன்னொரு வசதி பாடநூல். இக்னோவின் பாடங்கள் இ-ஞானகோஷ் தளத்தில் இலவசமாகக் கிடக்கின்றன. சேர்வதற்கு முன்பே முதல் பருவத்துத் தாள் ஒன்றை இறக்கி இரண்டு அலகு படித்துப் பாருங்கள். அந்த ஆங்கிலம் பிடிபடுகிறதா என்று அப்போதே தெரிந்துவிடும். பாதியில் விடுகிறவர்கள் பெரும்பாலும் மொழியில்தான் விழுகிறார்கள், பாடத்தில் அல்ல.

இனி அசைன்மென்ட். இக்னோவில் பொதுவாக அதற்கு 30 சதவீதம், பருவ இறுதித் தேர்வுக்கு 70. இரண்டிலும் தனித்தனியாகத் தேற வேண்டும், ஒன்றில் எடுத்தது மற்றொன்றைக் காப்பாற்றாது. திருத்துகிறவர்கள் காண்பது இதுதான்: கடையில் விற்கும் ரெடிமேட் விடையைப் பார்த்து எழுதியிருப்பார்கள். ஒரே எழுத்துப்பிழை, ஒரே பத்தியில், பலர் தாளில் வரும். சிலர் போன வருடத்துக் கேள்வித்தாளுக்கு அழகாக விடை எழுதி அனுப்புவார்கள், அது செல்லாது. தளத்தில் உங்கள் பருவத்துக்கான கேள்வியை மட்டும் இறக்குங்கள். ஏ4 தாளில் உங்கள் கையெழுத்தில், ஒரு தாளுக்கு ஒரு கட்டு. முகப்பில் பதிவு எண், படிப்புக் குறியீடு, தாள் குறியீடு, மையக் குறியீடு. கொடுப்பதற்கு முன் ஒவ்வொரு பக்கத்தையும் போனில் படம் எடுங்கள், ஒப்புகைச் சீட்டு வாங்குங்கள். மதிப்பெண் ஏறாமல் போவது சகஜம். சீட்டு இருந்தால் கேட்கலாம், இல்லாவிட்டால் திரும்ப எழுதத்தான் வேண்டும்.

அடுத்த வருடத்துக்கான மறுபதிவை யாரும் நினைவூட்ட மாட்டார்கள். வகுப்பாசிரியர் இல்லாத குறை அங்கேதான் உறைக்கிறது.

குமுளி ஒன்றாம் மைல்:

டீச்சர், தேர்வு மையம் பற்றி யாரும் பேசுவதில்லை, அதனால் எழுதுகிறேன். இக்னோ தேர்வு ஜூனிலும் டிசம்பரிலும் வரும். நம்ம மலைக்கு இதைவிட மோசமான இரண்டு மாதம் கிடையாது. ஜூனில் தென்மேற்குப் பருவமழை, மரம் சாய்ந்தாலோ மண் சரிந்தாலோ குமுளிக்கு ஏறும் லோயர் கேம்ப் மலைப்பாதை நின்றுவிடும். டிசம்பர் சபரிமலை மண்டல காலம். கூட்டம் ஏறும்போது ஐயப்ப பக்தர்களின் வண்டிகளைக் கம்பம்மெட்டு வழியாக ஏற்றி, குமுளி வழியாக இறக்குவார்கள். பஸ் சொன்ன நேரத்துக்கு நகராது. காலைத் தேர்வு பத்து மணிக்கு.

ஆகவே தேர்வு விண்ணப்பத்தில் மையக் குறியீடு கேட்கும்போது, மலைப்பாதையைத் தாண்டாத மையமாகப் பாருங்கள். வண்டிப்பெரியாறு, பீருமேட்டுக்காரர்கள் "கூட்டாளிகள் எல்லாம் தேனியில் எழுதுகிறார்கள்" என்று தேனியைப் போடாதீர்கள். போட்டுத்தான் ஆக வேண்டும் என்றால் முதல் நாளே இறங்கி சொந்தக்காரர் வீட்டில் தங்குங்கள். கேரளத்தில் ஹர்த்தால் (பந்த்) வந்தாலும் இதே கதைதான். தேர்வு தமிழ்நாட்டில் இருந்தால் அது தள்ளிப்போகாது, உங்கள் பஸ் மட்டும் ஓடாது.

போடி தங்கச்சி:

அக்கா அண்ணன்மாரே, தொலைநிலைப் பட்டத்தை அரசு வேலைக்கு ஏற்பார்களா, மாட்டார்களா? ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள்.

உத்தமபாளையம் டீச்சர்:

ஏற்பார்கள்மா. அனுமதி பெற்ற தொலைநிலைப் பட்டமும் ஆன்லைன் பட்டமும் கல்லூரிப் பட்டத்துக்குச் சமம் என்று அந்த 2020 விதிமுறையே சொல்கிறது. ஆனால் ஒவ்வொரு வாசலிலும் ஒரு நிபந்தனை நிற்கிறது.

டிஎன்பிஎஸ்சி 10+2+3 (பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ, பட்டம்) வரிசை கேட்கும். பிளஸ் டூ இல்லாமல் திறந்தநிலையில் வாங்கிய பட்டம் தமிழக அரசு வேலைக்கு உதவாது. தமிழ்வழி 20 சதவீத ஒதுக்கீட்டை நம்பியிருந்தால் இன்னும் கவனம். 2020 திருத்தத்துக்குப் பிறகு ஒன்றாம் வகுப்பிலிருந்து அந்தப் பதவிக்குரிய படிப்பு வரை முழுவதும் தமிழ்வழியாக இருக்க வேண்டும். பட்டத்தை ஆங்கிலவழியில் எடுத்தால் பட்டதாரிப் பணிக்கு அந்த ஒதுக்கீடு கிடைக்காது. வெளிமாநிலப் பட்டத்தோடு கேரளத்தில் எம்.ஏ. சேர, அந்தப் பட்டம் அங்கே செல்லும் என்ற எலிஜிபிலிட்டி சர்டிபிகேட் கேட்பார்கள். பல்கலைக்கழகம் மாறுவதற்கான மைக்ரேஷன் சர்டிபிகேட்டும் வேண்டும். இரண்டுக்கும் முன்கூட்டியே விண்ணப்பியுங்கள்.

பி.எட். தொலைநிலையில் எல்லோருக்கும் கிடைக்காது. ஏற்கெனவே ஆசிரியர் பயிற்சி பெற்றவர்களுக்குத்தான். பொறியியல், நர்சிங், சட்டம், கேட்டரிங் எதுவும் தொலைநிலையில் கூடாது. 2025 ஜூலைப் பருவத்திலிருந்து சைக்காலஜி, மைக்ரோபயாலஜி, பயோடெக்னாலஜி, ஊட்டச்சத்து அறிவியல் ஆகியவற்றையும் யுஜிசி நிறுத்திவிட்டது. இன்றைக்கும் யாராவது எம்.எஸ்சி. சைக்காலஜிக்கு அட்மிஷன் என்று நோட்டீஸ் கொடுத்தால் கிட்டப் போகாதே.

தமிழ்நாட்டில் அரசுப் பள்ளியில் படித்த பெண் என்றால் புதுமைப் பெண் திட்டத்தின் மாதம் 1000 ரூபாய் தொலைநிலைக்கு வராது. வீட்டுக் கணக்கில் அதையும் சேர்த்துப் பார்.

கல்லூரியில் சேர்ந்துகொண்டே தொலைநிலையில் இன்னொரு பட்டம் படிக்கலாம். 2022-இல் யுஜிசி அனுமதித்துவிட்டது. தேர்வுத் தேதி மோதுமா என்று மட்டும் இரண்டு அட்டவணையையும் வைத்துப் பார்த்துக்கொள்.

கம்பம் நெட் சென்டர்:

ஒன்று விட்டுப்போச்சு. எல்லையில் போன் தமிழ்நாட்டு டவருக்கும் கேரள டவருக்கும் தாவிக்கொண்டே இருக்கும். அந்த நேரத்தில் ஓடிபி வராது, பணம் கட்டும்போது பாதியில் அறுந்துபோகும். போன் செட்டிங்கில் தானியங்கி நெட்வொர்க் தேர்வை அணைத்து, சிக்னல் வலுவாக உள்ள ஒன்றைக் கையால் தேர்ந்தெடுங்கள். பணம் கழிந்து ரசீது வராவிட்டால் உடனே மறுபடி கட்டாதீர்கள். பல்கலைக்கழகத் தளத்தில் 'பேமென்ட் ஸ்டேட்டஸ்' பார்த்து, பேங்க் பரிவர்த்தனை எண்ணைக் குறித்துக்கொண்டு, ஒரு நாள் பொறுங்கள். அதனால்தான் கட்டணத்தைக் கடைசித் தேதிக்கு வைக்கக் கூடாது என்று சொல்வது. ஆதாரில் இருக்கும் நம்பர் எஸ்டேட் லயத்து வீட்டில் அப்பா கையில் இருந்தால், பதிவு செய்ய வரும்போது அந்த போனையும் எடுத்து வாங்க.