முன்கால் எடுத்த நாட்டு நாய்: வீட்டில் முதல் சில வாரங்கள் எப்படிப் பார்த்துக்கொள்வது?

பால்கனிக்காரன்:

வணக்கம். ஆண் நாட்டு நாய், வயது ஏறத்தாழ 3, எடை 18 கிலோ. பைக் மோதியதில் இடது முன்காலுக்குப் போகும் நரம்பு அறுந்துவிட்டது. காலை இழுத்து இழுத்து நடந்து பாதத்தின் மேல்தோல் தேய்ந்து எலும்பு தெரிய ஆரம்பித்ததால், தோள்பட்டை எலும்போடு சேர்த்துக் காலை எடுத்துவிட்டார்கள். இன்று நாலாம் நாள். வலிக்கும் வீக்கத்துக்கும் மெலாக்சிகாம் ஒருவேளை, நரம்பு வலிக்குக் காபாபென்டின் இருவேளை, ஆன்டிபயாடிக் இருவேளை ஓடுகிறது. 12-ம் நாள் தையல் பிரிக்க வேண்டும்.

இப்போதைய பிரச்சினைகள்: தையலுக்குக் கீழே, நெஞ்சுப் பக்கம் எலுமிச்சை அளவு வீக்கம். ஆபரேஷனுக்குப் பிறகு இன்னும் மலம் கழிக்கவில்லை, சிறுநீர் ஒழுங்காகப் போகிறது. ராத்திரியில் தூக்கத்திலிருந்து திடீரென்று கத்திக்கொண்டு எழுகிறது. வீடு முதல் மாடி, தரை முழுக்க வழவழ டைல்ஸ், எழுந்தாலே சறுக்குகிறது. அம்மா தையல் மேல் மஞ்சளும் வேப்பெண்ணெயும் குழைத்துப் போடச் சொல்கிறார். போடலாமா?

தையல்நூல்:

வீக்கம் முதலில். தோள்பட்டையோடு எடுக்கும்போது தோலுக்கும் தசைக்கும் நடுவே காலியிடம் உண்டாகும். அதில் ஊனீர் சேர்ந்து, இறக்கமான பக்கம், அதாவது நெஞ்சுக்கு அடியில் வந்து தங்கும். 3-ம் நாள், 5-ம் நாள் வாக்கில் இது தலைகாட்டுவது சகஜம். தொட்டால் தண்ணீர்ப் பாக்கெட் மாதிரி தளும்பும், சூடு இருக்காது, நாய் கையைத் தட்டிவிடாது. அப்படியிருந்தால் உடம்பே இரண்டு மூன்று வாரத்தில் உறிஞ்சிக்கொள்ளும். ஊசி போட்டு உறிஞ்சச் சொல்லி டாக்டரை நெருக்க வேண்டாம். எடுத்தாலும் பெரும்பாலும் திரும்ப ஊறும், ஊசி வழியே கிருமி போனால் சீழ்க்கட்டியாகும். நாளை முதல் வெதுவெதுப்பான நீரில் நனைத்துப் பிழிந்த துணியை பிளாஸ்டிக் கவரில் போட்டு, மேலே மெல்லிய துணி சுற்றி, 10 நிமிஷம், நாளுக்கு மூன்று முறை வீக்கத்தின் மேல் வையுங்கள். தையல் நனையக் கூடாது. தினமும் ஒரே நேரத்தில், ஒரே தூரத்திலிருந்து போனில் படம் எடுத்து வையுங்கள். "நேத்தைவிடப் பெருசா?" என்ற சண்டைக்கு அதுதான் சாட்சி. வயிறு வரைக்கும் ஊதா நிறம் இறங்கினால் அது ரத்தக்கட்டு, பயப்பட வேண்டியதில்லை.

வீக்கம் கல்லாக இறுகினாலோ, சுட்டாலோ, நாற்றம் வந்தாலோ, தையல் விட்டு வாய் திறந்தாலோ அன்றே போக வேண்டும். தெர்மாமீட்டரை ஆசனவாயில் வைத்துப் பார்க்கும்போது 101 முதல் 102.5 டிகிரி ஃபாரன்ஹீட் வரை நாய்க்கு இயல்பு. 103.5-ஐத் தாண்டினால் போன் பண்ணிவிடுங்கள். மூக்கைத் தொட்டுக் காய்ச்சல் பார்ப்பதெல்லாம் கதைக்கு உதவாது.

மஞ்சள், வேப்பெண்ணெய் இரண்டும் வேண்டாம். எண்ணெய் பட்ட தோல் ஊறிப்போய்த் தையல் தளரும். மஞ்சள் தூள் தையல் துளைகளில் போய் அடைந்துகொள்ளும். எல்லாவற்றுக்கும் மேல், மஞ்சள் பூசிய இடத்தில் சிவப்பும் தெரியாது, சீழும் தெரியாது. டெட்டால், ஹைட்ரஜன் பெராக்சைடு, டர்பன்டைன் எதுவும் அந்தப் பக்கமே போகக் கூடாது. காய்ந்திருக்கும் தையலுக்கு எந்தப் பூச்சும் தேவையில்லை.

நம் ஊரில் தொற்றைவிட முந்திக்கொள்வது ஈ. தையலில் கசியும் நீரில் ஈ உட்கார்ந்து முட்டையிட்டால் ஒரே நாளில் புழு பொரிந்துவிடும். பகலில் படுக்கும் இடத்தில் கொசுவலை, மின்விசிறி இரண்டும் இருக்கட்டும். காலை, மாலை டார்ச் அடித்துத் தையல் ஓரத்தையும் அக்குள் மடிப்பையும் பாருங்கள். வெள்ளைக் குருணையாக ஒட்டியிருந்தால் அது முட்டை. நனைத்த பஞ்சால் துடைத்தெடுத்துவிட்டு உடனே டாக்டரிடம் காட்டுங்கள். ஈ விரட்டும் ஸ்ப்ரேயைத் தையல் மேல் அடிக்காதீர்கள்.

மாத்திரை விஷயத்தில் கவனமாக இருங்கள். மெலாக்சிகாம் நாய்க்குத் தினசரி அளவு கிலோவுக்கு 0.1 மி.கி. உங்கள் நாய்க்கு 1.8 மி.கி. நாய்க்கான 1.5 மி.கி./மி.லி. மருந்தாக இருந்தால் 1.2 மி.லி. அது தீர்ந்துபோய், மருந்துக்கடையில் மனிதர்களுக்கான 7.5 மி.கி. மாத்திரையை "இதுவும் அதுதான்" என்று தந்தால், ஒரே மாத்திரையில் நாலு மடங்கு உள்ளே போகும். சோறு தின்ற பிறகே கொடுங்கள். சாப்பாடு மறுத்தால், வாந்தி வந்தால், மலம் தார்போலக் கறுத்தால் அடுத்த வேளையை நிறுத்திவிட்டு டாக்டரைக் கூப்பிடுங்கள், குடல் புண்ணாக இருக்கலாம். ஸ்டீராய்டு எதையும் இதோடு சேர்க்கக் கூடாது. வலி அதிகம் என்று டைக்ளோஃபெனாக், இபுபுரூஃபன் கொடுத்தால் சிறுநீரகம் போய்விடும். காபாபென்டினைத் தனி மருந்தாகவே கேட்டு வாங்குங்கள். கடைகளில் நார்ட்ரிப்டிலின் என்ற வேறு மருந்து கலந்த கூட்டு மாத்திரைகளும் இருக்கின்றன. மனிதர்களுக்கான திரவமாக இருந்தால் சைலிட்டால் என்ற இனிப்பூட்டி உண்டா என்று லேபிளைப் பாருங்கள். இருந்தால் அது நாய்க்கு விஷம்.

ராத்திரிக் கத்தல் பெரும்பாலும் நரம்பு வலி, இல்லாத காலில் வலிப்பதும் அதில் அடங்கும். வெட்டிய இடத்துத் தசை துடிக்கும், நாய் அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்துக் கத்தும். நேரத்தைக் குறித்துவைத்து டாக்டரிடம் சொல்லுங்கள். காபாபென்டினை 12 மணி நேரத்துக்கு ஒருமுறை என்பதிலிருந்து 8 மணி நேரத்துக்கு ஒருமுறை என்று மாற்றுவார், அல்லது அளவைக் கூட்டுவார். நீங்களாகக் கூட்ட வேண்டாம், நீங்களாக ஒரே நாளில் நிறுத்தவும் வேண்டாம். படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும்.

மலம்: பட்டினி, மயக்க மருந்து, ஆபரேஷனின்போது போடும் வலி ஊசி மூன்றும் சேர்ந்து குடலை மந்தமாக்கும். 5-ம் நாள் வரை பொறுக்கலாம். வேகவைத்த மஞ்சள் பூசணி இரண்டு மேசைக்கரண்டி சோற்றோடு, தண்ணீர் தாராளமாக. விளக்கெண்ணெய் வேண்டாம். முக்கி முக்கி எதுவும் வராவிட்டாலோ, கூடவே வாந்தி இருந்தாலோ காத்திருக்காதீர்கள்.

முயலுக்கு_மூணு:

மருந்து பத்தி மேல சொல்லிட்டாங்க. நான் தரைக்கு வர்றேன். மூணு கால் நாய் வீட்ல படுற பாதி கஷ்டம் டைல்ஸாலதான்.

நாய் உடம்பு பாரத்துல சுமார் 60 சதவீதம் முன்காலுக்குப் போகும். ரெண்டு பேர் தூக்கினதை இப்ப ஒத்தைக் கால் தூக்குது. அது ஒரு தடவை வெளிப்பக்கமா சறுக்குச்சுன்னா தாடை தரையில அடிக்கும், இல்லாட்டி தையல் பக்கமே விழும். ரெண்டு தடவை விழுந்த நாய் அப்புறம் எழுந்திருக்கவே யோசிக்கும். வீட்டுக்காரங்க அதை "மனசு உடைஞ்சுபோச்சு"ன்னு நினைச்சுக்குவாங்க.

ஹார்டுவேர் கடையில வரி வரியா இருக்குற ரப்பர் ஷீட் மீட்டர் கணக்குல கிடைக்கும், 3 மி.மீ. கனம் போதும். வீடு முழுக்க விரிக்கத் தேவையில்லை. படுக்கையிலிருந்து தண்ணிக்கு, தண்ணியிலிருந்து வாசலுக்கு, ரெண்டரை அடி அகலத்துல பாதை போடுங்க. நடுவுல இடைவெளி விட்டுடாதீங்க, அந்த ஒரு டைல்லதான் சரியா சறுக்கும். கோணி, கோரைப்பாய், கால்மிதி எதுவும் டைல்ஸ் மேல நிக்காது, நாயோட சேர்ந்து ஓடும். யோகா மேட் போட்டா நாலு மூலையும் இருபக்க டேப் ஒட்டணும். பினாயில் போட்டுத் துடைச்ச ஈரத் தரையில காயுற வரைக்கும் விடாதீங்க. நகத்தையும் பாருங்க. நடக்குறப்ப டக்டக்னு சத்தம் கேட்டா நகம் நீளம், பாதம் தரையில சரியாப் பதியாது.

தூக்கிப் பிடிக்க பெரிய மஞ்சப்பை ஒண்ணை ரெண்டு பக்கத் தையலையும் பிரிச்சு விரிச்சா போதும், ரெண்டு கைப்பிடியோட நீளத் துணி ஆகிடும். மீதி இருக்குற முன்காலுக்குப் பின்னால, நெஞ்செலும்புக்கு அடியில கொடுத்து மேல பிடிங்க. தையலும் வீக்கமும் துணிக்குள்ள சிக்கக் கூடாது, அங்க உரசுச்சுன்னா துணியை இன்னும் பின்னால தள்ளுங்க. கைப்பிடி குட்டையா இருக்கும், நீங்க குனிஞ்சே நடக்கணும். ஒரு துப்பட்டாவை ரெண்டு பிடிக்குள்ளயும் விட்டுக் கட்டிட்டா நிமிர்ந்து நடக்கலாம். பாரத்தைத் தூக்காதீங்க, விழுந்தா தாங்குற அளவுக்குப் பிடிச்சா போதும். ஆண் நாய் பின்காலைத் தூக்கி மூத்திரம் போக நினைக்கும், அப்ப ரெண்டு கால்தான் தரையில. அந்த நேரம் துணியைக் கையில கெட்டியா வெச்சுக்கோங்க.

கழுத்துப் பட்டையில கயிறு போட்டு இழுக்குறது இனிமே கூடாது, முன்பக்கம் கவிழ்ந்துடும். தையல் பிரிச்சதும் ஹார்னஸ், அதாவது உடம்பைச் சுத்திக் கட்டுற பட்டை வாங்குங்க. சாதாரண ஹார்னஸ் கால் இல்லாத பக்கம் சுத்திக்கிட்டுப் போகும். விலாவுக்குப் பின்னால இன்னொரு பட்டை இருக்குற, முதுகுல கைப்பிடி வெச்ச மாடலாப் பாருங்க.

தட்டையும் தண்ணிப் பாத்திரத்தையும் நெஞ்சு உயரத்துக்கு ஒரு முக்காலி மேல வைங்க. படுக்க கெட்டியான நுரை மெத்தை, மேல துவைக்கிற உறை. கயிற்றுக் கட்டில் வேண்டாம், கால் சந்துல மாட்டும். மாடிப்படிக்கு மறிப்பு போடுங்க. தையல் பிரிக்கிற வரைக்கும் கீழே கொண்டுபோக நெஞ்சுக்கு ஒரு கை, பின்தொடைக்கு ஒரு கை கொடுத்துத் தூக்கிட்டுப் போங்க. 18 கிலோதானே. கூண்டுல அடைக்கணும்னு சிலர் சொல்வாங்க, அமைதியான ஒரு ரூம் இருந்தா அதெல்லாம் வேண்டாம். தையலை நக்காம இருக்கக் கழுத்தைச் சுத்திப் பிளாஸ்டிக் கோனை மாட்டுனா முட்டிக்கிட்டே திரியுதுன்னா சின்னப் பசங்க டிஷர்ட் போட்டு விடலாம்.

பால்கனிக்காரன்:

ரொம்ப நன்றி. வீக்கம் தளும்புகிறது, சூடு இல்லை. ரப்பர் ஷீட் இன்றே வாங்கிவிடுகிறேன். இன்னும் இரண்டு கேள்வி. எவ்வளவு சாப்பாடு கொடுப்பது? வீட்டுச் சாப்பாடுதான். செயற்கைக் கால் வைக்க முடியுமா?

தையல்நூல்:

டிஷர்ட் பற்றி மட்டும் ஒரு மாற்றுக்கருத்து. நாய் துணியோடு சேர்த்தே நக்கும், ஈரத்துணி தையலில் ஒட்டிக்கொண்டு கிடக்கும். யாராவது பக்கத்தில் இருக்கும்போது டிஷர்ட், தனியாக விடும்போதும் ராத்திரியிலும் கோன். கோன் பிளாஸ்டிக் மூக்கு நுனியைத் தாண்டி நீண்டிருக்க வேண்டும், இல்லையென்றால் போட்டும் பயனில்லை.

செயற்கைக் கால் மாட்ட ஒரு அடிக்கட்டை வேண்டும். தோள்பட்டையே போய்விட்டதால் பிடிக்க இடமில்லை. மூன்று வயது நாய்க்கு அது தேவைப்படவும் செய்யாது.

வாலாட்டி:

சாப்பாட்டுக்கு: 18 கிலோ நாய்க்கு ஓய்வில் இருக்கும்போது நாளுக்கு 750-850 கலோரி போதும். சமைத்த சோறு 2 கப், எலும்பில்லாமல் வேகவைத்த கோழி 200 கிராம், ஒரு முட்டை, இதுவே 800 பக்கம் வரும். இரண்டு மூன்று வேளையாகப் பிரித்துக் கொடுங்கள். வெங்காயம், பூண்டு, மசாலா கூடாது. இது சில வாரங்களுக்குச் சரி, நீண்ட நாளைக்கு இதில் கால்சியம் போதாது, டாக்டரிடம் கேட்டுச் சேர்த்துக்கொள்ளுங்கள். பாவம் பார்த்துப் பிஸ்கட் போட்டுக் குண்டாக்கினால் அந்த ஒற்றை மணிக்கட்டுதான் விலை கொடுக்கும். கையை வைத்துத் தடவினால் விலா எலும்பை ஒவ்வொன்றாக எண்ண முடிய வேண்டும்.

நடை: தையல் பிரிக்கும் வரை ஒண்ணுக்கு ரெண்டுக்கு மட்டும், ஒவ்வொரு முறையும் 5 நிமிஷம். பிரித்த பிறகு 5 நிமிஷ நடை நாளுக்கு மூன்று தடவை, வாரத்துக்கு இரண்டு மூன்று நிமிஷமாகக் கூட்டலாம். மூன்று காலில் மெதுவாக நடப்பதைவிடத் துள்ளி ஓடுவது அதற்குச் சுலபம், அதனால் அதன் வேகத்துக்கு விட்டு அடிக்கடி நிற்க விடுங்கள். நடுவழியில் உட்கார்ந்தாலோ, தலை ஒவ்வொரு துள்ளலுக்கும் ஆழமாக இறங்கினாலோ அன்றைக்கு அவ்வளவுதான். காலை 7-க்கு முன்னால் முடித்துவிடுங்கள். தார்ச்சாலையில் புறங்கையை 7 விநாடி வைக்க முடியாவிட்டால் நாயும் நடக்கக் கூடாது. முடி மழித்த இடம் வெயிலில் எளிதில் வெந்துபோகும்.

மூன்றாம் வாரத்திலிருந்து ரப்பர் ஷீட்டில் நிற்கவைத்து, இடுப்பை ஒரு பக்கம் மெதுவாகத் தள்ளி 3 விநாடி பிடித்து விடுங்கள். அது எதிர்த்துத் தள்ளும், அதுதான் வேண்டும். பக்கத்துக்கு 10, காலையும் மாலையும். பிறகு உட்கார்ந்து எழுவது 5 முறை. கழுத்தின் அடியிலும் மீதிக் காலின் தோளிலும் தசை கட்டிக்கொள்ளும், வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துண்டை 5 நிமிஷம் வைத்துவிட்டு விரல்களால் நீவுங்கள்.

சோபா, கட்டில், ஸ்கூட்டர் முன்பலகை, இவற்றிலிருந்து குதிக்க என்றைக்குமே விடாதீர்கள். இறங்கும் பாரம் முழுதும் ஒரே காலில் விழும். நிற்கும்போது மணிக்கட்டு பின்பக்கமாக வளைந்து தரையை நெருங்குவது தெரிந்தால் எக்ஸ்ரே எடுக்க வேண்டும். தெரு நாய்கள் இருக்கும் பக்கம் தனியாக அவிழ்த்துவிடாதீர்கள். முதல் மாதம் அதனால் திரும்பி ஓடவும் முடியாது, சண்டையும் போட முடியாது.