ஹியூமிடிஃபையர் போட்டதிலிருந்து வெள்ளைத் தூசி, யன்னலில ஐஸ்: வேற ஒண்டு வாங்கோணுமா?

யன்னலோரம் (கேள்வி)

ரொறன்ரோ ஸ்காபரோவில ரெண்டு மாடி வீடு, கேஸ் ஃபர்னஸ் (வீட்டுக் காத்தைச் சூடாக்கிற மெஷின்). மகன்ர அறை 12க்கு 14 அடி. இரவில தொண்டை வறளுது எண்டு காத்துக்கு ஈரம் ஏத்திற 4 லீற்றர் அல்ட்ராசோனிக் ஹியூமிடிஃபையர் ஒண்டு வாங்கி, பைப் தண்ணி விட்டு, கதவைச் சாத்தி ஃபுல்லில போடுறம். ரெண்டு கிழமைக்குள்ள மூண்டு பிரச்சினை:

ரீவி, மேசை எல்லாத்திலயும் மா தூவின மாதிரி வெள்ளை. ஹியூமிடிஃபையரைப் போட்ட உடனே, பக்கத்தில இருக்கிற ஏர் பியூரிஃபையரின்ர (காத்தைச் சுத்தமாக்கிற மெஷின்) லைற் சிவப்புக்குப் போகுது. விடியப் பாத்தா யன்னலின்ர கீழ் விளிம்பில ஐஸ், பிறகு உருகிக் கட்டையில தேங்கி நிக்குது. அறையில வச்ச ஈரப்பத மீற்றர் 55 வீதம் காட்டுது.

இப்ப ஹியூமிடிஃபையரால வாற நீர்ப்புகையும் முந்தி மாதிரி வரேல்லை. எந்த வகை வாங்கினா நல்லம்?

காற்றுப்பதம்

தம்பி, வாங்குறதை நிப்பாட்டி வையுங்கோ. மூண்டு பிரச்சினைக்கும் காரணம் ரெண்டுதான்: தண்ணியில உள்ள சுண்ணாம்பு, அளவுக்கு மிஞ்சின ஈரம்.

அல்ட்ராசோனிக் தண்ணியை ஆவியாக்கிறதில்லை. அடியில இருக்கிற சின்னத் தட்டு செக்கனுக்குப் பத்து லட்சம் தடவைக்கு மேல அதிர்ந்து தண்ணியைப் பொடித்துளியா உடைச்சு எறியுது. துளி காத்தில காய்ஞ்சு போகும், அதுக்குள்ள இருந்த கல்சியம், மக்னீசியம் காயாது. அதுதான் உங்கட வெள்ளை மா. ரொறன்ரோ பைப் தண்ணியின்ர கடினத்தன்மை லீற்றருக்குக் கிட்டத்தட்ட 120 மில்லிகிராம். 4 லீற்றர் முடிஞ்சால் ஒரு இரவுக்கு அரைக் கிராம் சுண்ணாம்பை அந்த அறைக் காத்தில தூவுறியள். பியூரிஃபையர் பொய் சொல்லேல்லை, அது நுண்துகளைத்தான் எண்ணுது.

ஐஸுக்குக் கணக்கு இது. 21 பாகையில 55 வீத ஈரம் எண்டால், 12 பாகைக்குக் கீழ உள்ள எந்தப் பரப்பிலயும் தண்ணி பிடிக்கும். வெளியில மைனஸ் 15 எண்டால் இரட்டைக் கண்ணாடியா இருந்தாலும் கீழ் விளிம்பு அதைவிடக் குளிர். அறை 30 வீதத்தில இருந்தால் தண்ணி பிடிக்கிற வெப்பநிலை 3 பாகைக்கு இறங்கிவிடும். ஆகவே இலக்கை வெளிக் குளிர்தான் தீர்மானிக்கோணும். ஃபர்னஸ்காரர் பாவிக்கிற அட்டவணை: மைனஸ் 7க்கு 35 வீதம், மைனஸ் 12க்கு 30, மைனஸ் 18க்கு 25, மைனஸ் 23க்கு 20. குளிர் கூடக் கூட இலக்கைக் குறைக்கோணும். ஆக்கள் செய்யிறது நேரெதிர்.

பூவரசு

நாலு சொட்டு யூக்கலிப்டஸ் தைலம் தண்ணியில விட்டா தொண்டைக்கும் சுகம், கிருமியும் சாகும். செய்து பாருங்கோ.

மிசிசாகா கோவைக்காரி

தைலம் வேண்டாங்க. எண்ணெய் பட்டா டேங்க் பிளாஸ்டிக் விரிசல் விடும், விக் (தண்ணியை உறிஞ்சற திரி) வச்ச மெஷின்னா விக் தண்ணி உறிஞ்சறதே நின்னுடும். அதுக்குன்னு தனி தட்டு கொடுத்திருந்தா அதுல மட்டும் விடலாம்.

கிருமிநாசினியைத் தண்ணில கலந்து ஓட்டறது அதைவிட மோசம். தென்கொரியாவுல ஹியூமிடிஃபையர் டேங்க்ல ஊத்தறதுக்குன்னே திரவம் வித்தாங்க. அதோட ஆவியை மூச்சுல இழுத்து நுரையீரல் கெட்டுப் பலர் இறந்தது 2011-ல வெளிய வந்தது. தரை துடைக்க ஒத்துக்கற மருந்து நுரையீரலுக்கு ஒத்துக்காது. சுத்தம் பண்றது மெஷின் நின்னிருக்கும்போது, அப்புறம் நல்லா அலசிட்டுத்தான் ஓட்டணும்.

தண்ணிக்கு: சூப்பர் மார்க்கெட்ல 4 லிட்டர் கேன்ல வர்ற டிஸ்டில்டு வாட்டர், இல்லன்னா ஆர்.ஓ. தண்ணி. ஸ்பிரிங் வாட்டர் வாங்கிடாதீங்க, அதுல தாது உப்பு நிறைய. கொதிக்க வச்ச தண்ணியும் உதவாது, உப்பு பெரும்பாலும் அதுலயேதான் இருக்கும். ஜக் ஃபில்டர் குளோரின் வாடையை எடுக்கும், சுண்ணாம்பை முழுசா எடுக்காது. சாஃப்ட்னர் (கடின நீரை மென்மையாக்கற மெஷின்) தண்ணின்னா கால்சியத்துக்குப் பதிலா சோடியம் பறக்கும், தூசி தூசிதான்.

புகை குறைஞ்சது அந்தத் தட்டு மேல படிவு ஏறினதால. பிளக்கைப் பிடுங்குங்க. அடிப்பகுதில தண்ணி நிக்கற குழில வெள்ளை வினிகரும் தண்ணியும் சரிபாதியா ஊத்தி அரை மணி விடுங்க. மெஷினோட வந்த சின்ன பிரஷ், இல்லன்னா பழைய மென்மையான டூத் பிரஷ்ஷால தட்டைத் தேய்ங்க. கத்தி, ஸ்க்ரூடிரைவர் வச்சு சுரண்டினா தட்டு போயிடும். கவுக்கும்போது காத்து வர்ற துளைக்கு எதிர்ப்பக்கமா சாய்ச்சுக் கொட்டுங்க, உள்ள ஃபேனுக்கும் போர்டுக்கும் தண்ணி போனா மெஷின் அவ்வளவுதான். அப்புறமும் புகை வரலைன்னா மிதவையைப் பாருங்க. படிவுல அது சிக்கிட்டா, தண்ணி இருந்தும் இல்லைன்னு நினைச்சு மெஷின் நின்னுக்கும்.

தினமும் மிச்சத் தண்ணியைக் கொட்டிக் காய வைக்கணும். மூணு நாளைக்கு ஒரு தடவை இந்த வினிகர் குளியல். டேங்க் உள்ள வழவழன்னு இருந்தா 4 லிட்டருக்கு ஒரு டீஸ்பூன் ப்ளீச், 20 நிமிஷம், வாடை போற வரைக்கும் அலசல். வினிகரையும் ப்ளீச்சையும் ஒரே நேரத்துல சேர்த்துடாதீங்க, குளோரின் வாயு வரும்.

யன்னலோரம்

நன்றி அக்கா, அண்ணை. டிஸ்டில்ட் தண்ணி நாளுக்கு ஒரு கேன் எண்டால் கட்டுப்படியாகாது. விக் வச்சது வாங்கினா பைப் தண்ணியே விடலாமோ? எவ்வளவு பெரிசு வேணும்?

காற்றுப்பதம்

விக் வகைக்குப் பைப் தண்ணி போதும். ஃபேன் காத்தை ஈரத் துணிக்குள்ளால இழுக்குது, தண்ணி மட்டும் ஆவியாகுது, சுண்ணாம்பு விக்கில தங்குது. காத்து ஈரமாக ஆக ஆவியாகிறதும் தன்னால குறையும், அதால யன்னல் இவ்வளவு அழாது. செலவு விக்கில: விறைச்சு மஞ்சளாகி மேல் நுனி காய்ஞ்சிருந்தால் மாத்தோணும், ரெண்டு மாதத்துக்கு மேல இழுக்காதேங்கோ. கொதிக்க வைக்கிற ஸ்டீம் வகை தூசி போடாது, ஆனால் ஒரு லீற்றருக்கு 0.7 யூனிற் கரண்ட், அதோட சுடுதண்ணி. பிள்ளையின்ர அறைக்கு நான் சொல்லமாட்டன்.

அளவு: உங்கட அறை ஏறக்குறைய 38 கன மீற்றர். ரெண்டு மணித்தியாலத்துக்கு ஒருக்கா வெளிக்காத்து முழுசா மாறுது எண்டு வைப்பம். வெளியில மைனஸ் 10 எண்டால் அந்தக் காத்து 21 பாகைக்குச் சூடானவுடன் ஏறக்குறைய 10 வீத ஈரம்தான் மிஞ்சும். அறையை அட்டவணைக்கு மேல 40இல நிப்பாட்டக்கூட மணிக்குக் கிட்டத்தட்ட 100 மில்லி ஆவியாக்கினால் போதும், இரவு முழுக்க ஒரு லீற்றருக்குள்ள. உங்கட மெஷின் ஃபுல்லில அதைவிட ரெண்டு மூண்டு மடங்கு தள்ளுது. ஆகக் குறைஞ்ச நிலையில வைச்சுக் கதவைக் கொஞ்சம் திறந்துவிட்டாலே பாதிப் பிரச்சினை போயிடும்.

அதுக்கு முதல் மீற்றர் சரியோ எண்டு பாருங்கோ. போத்தல் மூடியில உப்பு, அது கரையாமல் நனையிற அளவு தண்ணி. மீற்றரையும் மூடியையும் ஸிப் பையில அடைச்சு அறை வெப்பத்தில 12 மணித்தியாலம். 75 காட்டோணும். 80 காட்டினால் மீற்றர் 5 கூடக் காட்டுது.

ஒரு கேள்வி: பேஸ்மன்ரில ஃபர்னஸ் குழாயில ஒட்டினபடி ஒரு பெட்டி, அதுக்குள்ள மெல்லிய செப்புக் குழாய் போகுதோ?

யன்னலோரம்

ஓம் அண்ணை, இருக்கு. வீடு வாங்கின நாளிலிருந்து அதைத் தொடேல்லை. ஒரு வட்டக் குழாயும் பக்கத்தில குமிழும் இருக்கு.

காற்றுப்பதம்

அதுதான் முழு வீட்டு ஹியூமிடிஃபையர், பைபாஸ் வகை. ஃபர்னஸ் சுவிச்சை நிப்பாட்டி மூடியைக் கழற்றுங்கோ. உள்ள தேன்கூடு மாதிரி ஒரு பாட் இருக்கும். வெள்ளைப் பாறை மாதிரி இருந்தால் எறியுங்கோ. மூடியின் உட்புறத்தில மொடல் எண் இருக்கும், அதுக்குரிய பாட் வாங்கிப் போடுங்கோ. சிலதில மேல்பக்கம் காட்ட நிறப்புள்ளி வைச்சிருப்பாங்கள்.

பாட்டுக்கு மேல உள்ள தட்டின்ர துளைகளையும், தண்ணி நுழையிற சின்னத் துவாரத்தையும் வினாகிரியில ஊறவிடுங்கோ. துவாரத்தை ஊசியால பெருசாக்காதேங்கோ, தண்ணி கூடிப் பாட்டில நிக்காமல் ஓடிவிடும். கீழ்க் குழாயில ஒரு கோப்பை தண்ணி ஊத்தி அது தரை வடிகாலுக்குப் போகுதோ பாருங்கோ. பேஸ்மன்ரில வெள்ளம் வாறது அநேகமா இந்த அடைப்பாலதான்.

வட்டக் குழாயில உள்ள குமிழ் 'வின்டர்' பக்கம் நிக்கோணும். பிறகு ஃபர்னஸைப் போட்டு, சூடு ஓடேக்க ஹியூமிடிஸ்ராற்றை (ஈர அளவை வைக்கிற கட்டுப்பாடு) ஃபுல்லுக்குத் திருப்புங்கோ. 24 வோல்ற் வால்வு 'டிக்' எண்டோணும், தண்ணி மேலால ஒழுகோணும். டிக் கேட்டும் தண்ணி இல்லையெண்டால் செப்புக் குழாய் தொடங்கிற இடத்தில ஊசி வால்வு அடைச்சிருக்கு. அது பாதி திறந்து நிக்கக் கூடாது, முழுசாத் திறவுங்கோ. டிக்கே கேக்காட்டி வயர், இல்லாட்டி வால்வு. அங்க நிப்பாட்டி ஆளைக் கூப்பிடுங்கோ.

யன்னலோரம்

பாட் கல்லு மாதிரிக் கிடந்தது, குமிழ் 'சம்மர்'ல. பாட் மாத்திப் போட்டன், டிக் கேக்குது, தண்ணி ஒழுகுது. உப்புப் பரிசோதனையில மீற்றர் 79.

மிசிசாகா கோவைக்காரி

அப்ப அந்த 55 உண்மையில 51 மாதிரி. அதுவும் அதிகம்தான். ராத்திரி பிளைண்டை அடியில ஒரு சாண் தூக்கி விடுங்க, சூடான காத்து கண்ணாடியைத் தொடட்டும். முழுசா மூடினா கண்ணாடி இன்னும் குளிர்ந்துடும்.

காற்றுப்பதம்

இண்டைக்கு இரவு மைனஸ் 18 எண்டுதான் சொல்லியிருக்கு. ஹியூமிடிஸ்ராற்றை 25இல விடுங்கோ. மகன்ர அறை மெஷினைக் காய வைச்சுப் பெட்டியில போடுங்கோ. ஏப்ரல் கடைசியில குமிழை 'சம்மர்'க்குத் திருப்பி, ஊசி வால்வையும் பூட்டிவிடுங்கோ, இல்லாட்டிக் கோடையில ஏசி காத்து அந்த வட்டக் குழாயால சுத்திப் போகும்.